எழுதாமல் விட்ட வரி

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டாய், "வண்டன்மேட்டுக்குத் தனியா எதுக்குப்பா போனீங்க, நானும் வந்திருப்பேனே" என்று. இடுப்பு வலி, மலைப்பாதையில் மழை, பேருந்தில் நெரிசல் என்று ஏதேதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் விட்டுவிட்டாய். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வைகாசியில் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் ஓசூர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நம் கடையை நடத்தப்போகிறாய். அதற்கு முன்னால் உன் மாமா தங்கவேலு நம் வீட்டு வாசலை மிதிக்காமல் போனதன் காரணத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருடம் நீ கேட்டிருப்பதெல்லாம் நான் ஊருக்குச் சொன்ன கதை. அது உண்மையில்லை என்று எனக்கே இரண்டு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தங்கவேலு நம் கடைக்கு வந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. உன் அம்மாவுக்கு அவன் எட்டு வயது இளையவன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம். பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் பி.காம். சேர்ந்து, பாதியில் நிறுத்திவிட்டு வந்தவன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எனக்கு மோட்டார் காயில் கட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. கிணற்றில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்காரர்கள் எருத்தேன்பதி ரோட்டில் வேறு எந்தக் கடைக்கும் போகாமல் என்னிடம் வருவார்கள். அந்தக் கர்வத்தில், பில் போடுவது, செம்புக் கம்பி வாங்குவது, பேங்க்குக்குப் போவது எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். கணக்கு நோட்டை மாதம் ஒருமுறை கொண்டுவந்து நீட்டுவான். நான் கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு மில்லில் மோட்டார்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் நமக்குக் கிடைத்தது. அதுவரைக்கும் தோட்டக்காரர்கள் கையில் கொடுக்கும் ரூபாயைத்தான் நாம் பார்த்திருந்தோம். மில்லில் பில் கொடுத்தால் ஒரு மாதம் கழித்து செக் தருவார்கள். முதல் நாள் அவர்கள் ஆபீசில் இங்கிலீஷில் இரண்டு பக்கம் ஃபாரம் கொடுத்தார்கள். பான் கார்டு நகல் கேட்டார்கள். கொடுத்தேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்ற வெட்கம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள். அந்த பான் நம்பரை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.

மூன்று வருடம் மில் வேலை நன்றாக நடந்தது. அப்போதுதான் தங்கவேலு ஒரு பழைய பைக் வாங்கினான். பதினெட்டாயிரத்து ஐநூறு என்று சொன்னான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கலாம் என்று தோன்றவேண்டிய எனக்கு, கடையில் இருந்த ஒருவன் "மச்சினரு நல்லாத்தான் இருக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னது மனதில் தைத்துவிட்டது. தங்கவேலு கம்பி வாங்கக் கோயமுத்தூர் போயிருந்த ஒரு நாள், பில் புத்தகத்தின் கார்பன் நகல்களையும் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மில்லுக்குப் போட்ட பில் நாற்பத்தெட்டாயிரம். பேங்க்கில் விழுந்தது நாற்பத்தேழாயிரத்து ஐநூற்று இருபது. அடுத்த பில்லிலும் குறைவு. அதற்கடுத்ததிலும் குறைவு. நோட்டில் அவன் பேங்க்கில் வந்த தொகையை மட்டும் எழுதி, பக்கத்தில் 'பில் தீர்ந்தது' என்று எழுதியிருந்தான். குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாக் குறைவையும் கூட்டினேன். பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது வந்தது. பைக் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒவ்வொரு பில்லிலும் சரியாக நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் குறைந்திருந்தது. திருடுகிறவன் இப்படி அளந்து, ஒரு முறைகூடக் கூட்டாமல் குறைக்காமல் எடுப்பானா என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மில் ஆபீசுக்கு போன் போட்டேன். அங்கிருந்த கிளார்க் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "சேட்டன்றெ பில் எல்லாம் செட்டில் ஆயி. ஒந்நும் பாக்கி இல்ல" என்றார். எல்லாம் கொடுத்தாயிற்று, ஒன்றும் பாக்கியில்லை. எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. செக்கில் கொஞ்சம் குறைத்துப் போட்டு, மிச்சத்தைத் தன் கையில் தரச்சொல்லி அங்கே யாருடனோ பேசி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். கடையில் வேலையாட்கள் இரண்டு பேர், மோட்டாருக்காகக் காத்திருந்த தோட்டக்காரர் ஒருவர். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

"பில்லுல நாப்பத்தெட்டாயிரம். பேங்க்குல ஏன் மாப்ள கொறையுது?"

"டேக்ஸ் புடிச்சுக்கறாங்க மச்சான். எல்லா பில்லுலயும் புடிக்கறாங்க."

"நமக்கென்னடா டேக்ஸ்? நாம என்ன கம்பெனியா?"

"அவங்க புடிச்சு, உங்க பேர்ல கவர்மெண்டுல கட்டீருவாங்களாமா. மொதல்லயே சொன்னேனுங்களே. செரி செரின்னீங்க."

"பேப்பர் எங்க?"

"கேட்டிருக்கறனுங்க. ஆள் மாறீட்டாங்க, அடுத்த மாசம் தர்றோம்னு சொல்றாங்க."

"அப்ப நோட்டுல ஏன் எழுதல?"

கைக்கு வராத ரூபாயை எந்த இடத்தில் எழுதுவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் தடுமாறியதை நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன். "பதினெட்டாயிரம் ரூவாய்க்கு அக்கா ஊட்டையே வித்துப்போட்டியேடா" என்றேன். தங்கவேலு என்னை நிமிர்ந்து பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். பைக் சாவியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனான். அந்த பைக்கை நான் விற்றேன். விற்ற ரூபாயைக் கடைக் கணக்கில் வரவு வைத்தேன்.

உன் அம்மா அன்று அடுப்படியில் நின்றபடி ஒரே ஒரு முறை சொன்னாள்: "அவன் எடுத்திருக்க மாட்டானுங்க." நான் பாஸ்புக்கை அவள் முன்னால் விரித்துப் போட்டேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அதைப்பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. அவள் ஒத்துக்கொண்டாள் என்று நான் வைத்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நிற்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டியில் அவன் கணக்கு எழுதப்போகிறான் என்று தெரிந்தது. மண்டிக்காரர் என்னிடம் விசாரித்தபோது, "கணக்குல கை வெக்கற ஆளு, பாத்துக்குங்க" என்றேன். அந்த வேலை போயிற்று. கல்யாண வீடுகளில், கோயில் பொங்கலில், யார் கேட்டாலும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். நீ காலேஜ் விடுதியிலிருந்து வந்து "மாமா எங்கப்பா" என்று கேட்டபோது உன்னிடமும் சொன்னேன். ஆறு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி மல்லிகாவையும் நாலு வயதுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவன் வண்டன்மேட்டுக்குப் போனான். மல்லிகாவின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை.

இன்னொன்றும் செய்தேன். மில்காரர்களும் கூட்டு என்று நினைத்து அந்த ஒப்பந்தத்தை உதறினேன். அவன் போன பிறகு ஒரே ஒரு பில்லை நானே போட்டு, நானே செக் வாங்கியிருந்தால், அதிலும் நூற்றுக்கு ஒன்று குறைந்திருக்கும். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும். ரோஷத்தில் அந்த ஒரு வாய்ப்பையும் அடைத்துவிட்டேன்.

உன் அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அன்று நடந்ததில் ஒரு பகுதியை நீ பார்த்தாய், முழுவதையும் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தங்கவேலு கொண்டுவர வேண்டும். அவன் வருவதற்குள் உன் அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவரிடம் சொல்லி வேறு சேலை வாங்கி வரவழைத்து, அதைப் போர்த்தச் சொன்னவன் நான். நீ உள்ளே தண்ணீர்க் குடங்களோடு இருந்தாய். தங்கவேலு மலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ அவனிடம், "கோடி போத்தியாச்சுப்பா" என்றார்கள். அவன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பையோடு திரும்பிப் போனான். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருட்டுக் காசில் வாங்கிய துணி என் பெண்டாட்டி மேல் படவேண்டாம் என்று அப்போது எனக்குள் நினைத்தேன். நினைத்தேன் என்பது நிஜம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நீ வருகிறாய் என்று புது வைண்டிங் மெஷினுக்கு லோன் கேட்டேன் அல்லவா. வருமான வரிக் கணக்கு வேண்டும் என்றார்கள். சித்தூரில் ஆடிட்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். என் பான் நம்பரைப் போட்டுக் கம்ப்யூட்டரில் வருடம் வருடமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். வெறும் பக்கங்களாக வந்தன. நிறுத்தப்போனவள், "அங்கிளே, பழைய வருஷத்துல டிடிஎஸ் கெடக்குது. நீங்க ஏன் ஒரு தடவைகூட கேக்கலை?" என்றாள். எனக்குப் புரியவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். மில்லின் பெயர். நாற்பத்தெட்டாயிரம். அதற்கு நேராக நானூற்று எண்பது. அதற்குக் கீழே அடுத்த பில். அதற்கும் கீழே அடுத்தது.

"கூட்டிச் சொல்லும்மா" என்றேன். மூன்று வருடத்தையும் கூட்டினாள். பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது. ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

அவள் பொறுமையாக விளக்கினாள். மில்காரர்கள் நமக்குக் கொடுக்கவேண்டிய தொகையில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து, என் பெயரிலேயே அரசாங்கத்தில் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் நமக்குக் கொடுத்ததும் வரியாகக் கட்டியதும் சேர்ந்து முழு பில். அதனால்தான் பாக்கியில்லை என்றார் அந்தக் கிளார்க். அவர் சொன்னது பொய்யில்லை. நான் அந்தந்த வருடம் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அந்த ரூபாய் எனக்கே திரும்பி வந்திருக்கும். "இனி கிட்டாது அங்கிளே, டைம் எல்லாம் கழிஞ்சுபோச்சு" என்று அவள் வருத்தப்பட்டாள். ரூபாய் போனதற்காக நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, டீ வாங்கிவரச் சொன்னாள். அவளிடம் என்ன சொல்வது?

நோட்டில் இதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அதை உனக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் வைகாசிக்குப் பிறகு அந்த நோட்டு உன் கையில்தான் இருக்கும். பில் நாற்பத்தெட்டாயிரம் என்றால் வருமானம் நாற்பத்தெட்டாயிரம் என்று முழுதாக எழுது. பேங்க்கில் வந்த நாற்பத்தேழாயிரத்து ஐநூற்று இருபதை அதற்குக் கீழே எழுது. பிடித்துக்கொண்ட நானூற்று எண்பதை, அரசாங்கத்திடம் நமக்கு இருக்கும் வரவு என்று தனியாக ஒரு வரியில் எழுது. இரண்டும் சேர்ந்து பில் தொகை ஆகவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கு. கொடுக்கவில்லை என்றால் நீயே நேரில் போ, ஆளை அனுப்பிவிட்டு உட்காராதே. நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்து ஒப்பிடு. இவ்வளவுதான். ஒரு பில்லுக்கு அரை நிமிட வேலை. தங்கவேலு எழுதத் தெரியாமல் விட்டான். எழுதியிருக்கிறானா என்று பார்க்கவேண்டிய முதலாளி, கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு உன் கடையில் வேலை செய்கிற ஒருவன் உனக்குப் புரியாத ஒன்றைச் சொன்னால், அது புரியவில்லை என்று சொல். எனக்கு அது வாயில் வரவில்லை. பொய் என்று சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

அந்தக் காகிதங்களை அச்சடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்வரை பீரோவில் வைத்திருந்தேன். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி, கம்பத்திலிருந்து மலையேறி வண்டன்மேட்டுக்குப் போனேன். தூறலாக இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறை. மல்லிகாதான் கதவைத் திறந்தாள். அடையாளம் தெரிந்தும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். தங்கவேலு வேலையிலிருந்து வந்தான். தலை முழுவதும் நரைத்திருந்தது. நாற்பத்தைந்து வயதுதான் ஆகிறது அவனுக்கு.

"வாங்க மச்சான்" என்றான். காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். நானூற்று எண்பது இருந்த இடத்தில் விரல் நின்றது. "இந்த பில்லுதானுங்க" என்றான். பிறகு காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தான்.

"மாப்ள, என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அக்காவுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. அவ போனதுக்கப்பறந்தான் எனக்கே தெரியும்."

"என்ற அக்கா நம்புச்சுங்களா, நான் எடுத்தேன்னு?"

"நம்பல. அவன் எடுத்திருக்க மாட்டான்னு சொன்னா. நாந்தான் கேக்கல."

அவன் எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்றுகொண்டான். அப்போதுதான் மல்லிகா பேசினாள். "அந்தக் கோடிச் சேலையப் பையோட திருப்பிக் கொண்டுவந்தாருங்க. மூணு நாளு சோறு திங்கல. இப்பவும் பொட்டியிலதான் இருக்குது. இந்தப் பேப்பர வெச்சு நாங்க என்ன பண்றதுங்க?" என்றாள். அவள் கத்தவில்லை. தக்காளி நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

தங்கவேலு உள்ளே வந்ததும் பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினேன். தாய்மாமன் நீ வந்து நிற்க வேண்டும் என்றேன். பத்திரிகையை வாங்கிக்கொண்டான். உன் பெயரைத் தடவிப் பார்த்தான். பெண் எந்த ஊர், என்ன படித்திருக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தான். பிறகு சொன்னான்: "நான் வரலீங்க மச்சான். நான் வந்து மணவறையில நின்னா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. நீங்க ஒவ்வொருத்தருகிட்டயும் இந்தப் பேப்பரக் காட்டிக்கிட்டா இருப்பீங்க? பையன் கல்யாணத்துல அது வேண்டாமுங்க. அவன் நல்லா இருக்கட்டும்."

"அப்ப நான் என்ன பண்ணோணும், சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சாப்புட்டுப்போட்டுப் போங்க."

சாப்பிட்டேன். மல்லிகா பரிமாறினாள். பஸ் ஸ்டாண்டு வரை அவன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் கிளம்பும்போது கையைத் தூக்கினான், அவ்வளவுதான்.

திரும்பி வந்த நாளிலிருந்து, முன்பு யாரிடமெல்லாம் அவனைத் திருடன் என்று சொன்னேனோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை மண்டிக்காரருக்கு அந்தச் சம்பவமே மறந்துபோயிருக்கிறது. "அது பழைய கதையில்லீங்களா, இப்ப என்னத்துக்கு" என்றார். நான் திருடன் என்று சொன்னபோது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டவர்கள், அவன் திருடவில்லை என்று சொல்லப் போனால் காபி குடிக்கச் சொல்கிறார்கள். ஒருவர், செத்துப்போன பெண்டாட்டி கனவில் வந்தாளா என்று கேட்டார். இருந்தாலும் போகிறேன். இன்னும் பதினோரு வீடு பாக்கி இருக்கிறது.

நீ என்மேல் கோபப்படுவாய். படவேண்டியதுதான். விடுமுறைகளில் மாமாவைப் பார்க்கப் போகாமல் உன்னைத் தடுத்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் உன் பெண்டாட்டியும் வண்டன்மேட்டுக்குப் போய்வாருங்கள். என்னைப் பற்றி அங்கே எதுவும் பேசவேண்டாம். எனக்காக எதையும் கேட்கவும் வேண்டாம். அவன் பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவளுக்கு நீ முறைப்படி என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்.

நேற்று அதே பெரியப்பா மகன் வந்திருந்தார். தாய்மாமன் இல்லாவிட்டால் என்ன, முறைக்கு நான் நிற்கிறேன், பட்டும் மாலையும் நானே எடுத்துவருகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்தன்று தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பெண் வீட்டார் கேட்பார்கள். ஐயர் கேட்பார். சபையில் எல்லோரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ வாயைத் திறக்காதே, கண்ணு. மைக்கை வாங்கி நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா